தேர் வீதிக்குக் குறுக்கே ஒரு கேபிள்

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் மாடி வீடொன்றில் குடியிருந்த நல்லதம்பிக்கு, ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டால் கை துறுதுறுக்கும். மன்னார்புரத்தில் ஒரு டயர்க் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். டயரில் மேம்படுத்துவதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை; அது ஏற்கெனவே வட்டமாகத்தான் இருக்கிறது. ஆகவே, பகலெல்லாம் பயன்படாமல் தேங்கிய அவருடைய திறமை முழுவதும் மாலையில் டவுன் பஸ் ஏறி அவருடனேயே வீட்டுக்கு வந்துவிடும்.

வாசல் அழைப்பு மணியை அவர் மேம்படுத்தினார். அன்றுமுதல் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் விருந்தினர் வந்ததாக மணி அடித்தது. கூடத்து மின்விசிறியை மேம்படுத்தினார். அது சுற்றுவதோடு நில்லாமல் ஊஞ்சலும் ஆடியது. ஸ்கூட்டரின் ஹாரனை மேம்படுத்தியதில், கைப்பிடியை இடப்புறம் திருப்பினால் மட்டுமே அது ஒலித்தது. காவிரிப் பாலத்தில் வலப்புறம் ஒதுங்க நேரும்போது நல்லதம்பி தம் வாயாலேயே "பாம், பாம்" என்று சொல்லிக்கொண்டு போவார்.

"ஏங்க, அது பாட்டுக்கு நல்லாத்தானே இருந்துச்சு?" என்பார் அவர் மனைவி விஜயராணி.

"இருந்துச்சு. இன்னும் நல்லா இருக்கலாமா வேணாமா?" என்பார் நல்லதம்பி. மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராமல் தள்ளி உட்காருவதே விஜயராணி கண்ட வழி.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் இந்த வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் நுழைந்தது. சிங்கப்பூரில் இருக்கும் விஜயராணியின் தம்பியோடு பேசுவதற்காக ஒரு மைக்கும் கூடவே வந்தது. கம்ப்யூட்டரை விற்ற சிங்காரத்தோப்புக் கடைக்காரர் கியாசுதீன், சில வாரங்களில் நல்லதம்பியை நன்றாகப் புரிந்துகொண்டு, டிவி டியூனர் கார்டு ஒன்றையும் எடுத்து நீட்டினார்.

"இத உள்ள சொருகி கேபிள் ஒயரக் குடுத்தீங்கன்னா கம்ப்யூட்டரே டிவி, சார். பாக்கவும் பாக்கலாம், புடிச்சு சிடியில போட்டும் வச்சுக்கலாம்."

"நல்லா ஓடுமா பாய்?"

"ஓடும் சார். நீங்க எதுவும் பண்ணாம இருந்தா."

பின்பாதியை நல்லதம்பி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் விஜயராணியின் கோலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் போடுவது சிக்குக் கோலம். புள்ளிகளை வைத்துவிட்டு ஒரே இழையாக இழுக்கத் தொடங்கினால், எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பார். இடையில் கை எடுக்க மாட்டார். பண்டிகை நாள்களில் அது வாசலைத் தாண்டிப் பாதி வீதி வரை போகும். பால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போவார். மறுநாள் காலையில் விஜயராணியே ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்து அதைக் கழுவிவிடுவார். இருபது ஆண்டுக் கோலங்கள் இவ்வாறு சாக்கடையோடு போயின.

அவ்வாண்டுச் சித்திரைத் தேருக்காக, ஸ்ரீரங்கம் தீவுக்குள் மட்டுமே தெரியும் உள்ளூர்ச் சேனல் ஒன்று சிறப்பு நிகழ்ச்சி தயாரித்தது. அவர்கள் கேமராவோடு வந்து, விஜயராணி முதற்புள்ளி வைத்தது தொடங்கி இழையை முடித்தது வரை, மொட்டைமாடியிலிருந்து ஒருமுறையும் தரையில் உட்கார்ந்து ஒருமுறையும் படமெடுத்துக்கொண்டு போனார்கள். அரைமணி நேர நிகழ்ச்சி. தேரன்று காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒருமுறை ஒளிபரப்பாகும்.

விஜயராணி அந்த அலுவலகத்துக்கே போய், ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வந்தார்.

"கேசட் அடுத்த வாரத்துக்கு வேணுமாம். அது மேலயே வேற பதிஞ்சிடுவாங்களாம்," என்று கணவரிடம் சொன்னார். பிறகு, எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத அவர், புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார்: "எத்தனையோ போட்டாச்சு. எல்லாம் மறுநாளே தண்ணியோட போயிருச்சு. இது ஒண்ணு மட்டும் இருந்தா நல்லா இருக்கும்."

நல்லதம்பி எழுந்து நின்றே விட்டார். "நான் எதுக்கு இருக்கேன்? கார்டு எதுக்கு இருக்கு? கண்ணாடி மாதிரி புடிச்சு உன் கையில சிடியாக் குடுக்கறேன்."

வாக்குக் கொடுத்த கையோடு கம்ப்யூட்டரில் அந்தச் சேனலை வைத்துப் பார்த்தார். திரையில் மணல் மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்குப் பின்னால் ஒருவர் ஏதோ பாத்திரக்கடை விளம்பரத்தில் சிரித்தார். அவர் ஆணா பெண்ணா என்பது மட்டும் தெரியவில்லை.

"இதுல என் புள்ளி எது, இந்த மழைப் புள்ளி எதுன்னு எப்படிங்க தெரியும்?" என்றார் விஜயராணி, கவலையோடு.

அதே ஒயரைப் பழைய டிவியில் சொருகினால் படம் சுமாராகத் தெரிந்தது. இந்த மர்மத்தை நல்லதம்பி கியாசுதீனிடம் கொண்டுபோனார்.

"டிவி நம்ம ஊரு தரகர் மாதிரி சார். பொண்ணுக்குக் கொஞ்சம் குறை இருந்தாலும் பூசி மெழுகிடும். கார்டு அப்படியில்ல. வர்ற சிக்னல் எப்படியோ அப்படியே காட்டிக் குடுத்துடும்," என்று விளக்கினார் கியாசுதீன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இரைச்சலும் ஒயருக்குள் புகுந்துகொள்ளும் என்று சொல்லி, தாம் சாப்பிட்டு முடித்த பிரியாணிப் பொட்டலத்தின் அலுமினியத் தாளையும் துடைத்துக் கொடுத்தார். நல்லதம்பி அதை ஒயரின் மீது சுற்றினார். படத்தில் மாற்றம் ஏதும் இல்லை. எதிர்பாராத பயன் ஒன்று உண்டாயிற்று: கம்ப்யூட்டர் அறைக்குள் போகும்போதெல்லாம் பசித்தது.

அடுத்து அவர் பூஸ்டர் வாங்கினார். சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் சிறு பெட்டி அது. அதைப் பொருத்தியதும் திரை பளீரென்று வெளுத்து, குறுக்கே சாய்ந்த கோடுகள் ஓடி, மலையாளச் செய்தி வாசிப்பவர் ஒருவர் தமிழ்த் தொடரின் அழுகைக் காட்சிக்கு நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டார்.

"பூஸ்டர் போட்டா நல்லதையும் பெருசாக்கும், குப்பையையும் பெருசாக்கும் சார். உங்க வீட்டுக்கு வர்றதே குப்பை. முதல்ல வர்ற வழியப் பாருங்க," என்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார் கியாசுதீன்.

வழியைப் பார்க்கத் தொடங்கிய நல்லதம்பி, முதலில் தம் வீட்டுப் பரணிலேயே ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார். ஒரு ஒயரை நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் அங்கே இருந்தது. வீட்டில் இருந்ததோ ஒரு டிவியும் ஒரு கம்ப்யூட்டரும். மீதி இரண்டு வாய்களும் ஒன்றுக்கும் உதவாமல் திறந்து கிடந்தன. "நம்ம சிக்னல்ல பாதிய இந்த ரெண்டு வாயும் சும்மா தின்னுட்டு இருந்திருக்கு!" என்று அவர் பொருமினார். இரட்டை வாய் ஸ்ப்ளிட்டரும், நல்ல தடித்த ஒயரும், திருகி இறுக்கும் புதிய பின்களும் வந்தன. மழை தூறலாயிற்று. ஆனால் தூறல் நிற்கவில்லை.

பிறகு அவர் மொட்டைமாடிக்கு ஏறினார். வடக்கு வரிசை வீடுகளுக்கெல்லாம் தெருமுனைக் கம்பத்திலிருந்து ஒரே ஒயர்தான், மாடிக்கு மாடி தாவி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அதை அறுத்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சில இடங்களில் டேப்பும் உதிர்ந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. நல்லதம்பியின் வீடு அந்த வரிசையில் கடைசி. பந்தியின் கோடியில் உட்கார்ந்தவனுக்குப் பாயசம் வருவதுபோலத்தான் அவருக்குச் சிக்னல் வந்துகொண்டிருந்தது.

எதிர் வரிசையில், நேர் எதிர் வீட்டு மாடிச் சுவரில், கேபிள்காரர்களின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி மாட்டியிருந்தது. அந்த வரிசை முழுவதற்கும் புதுச் சிக்னல் பிறக்கும் இடம் அது. வீதியின் அகலமே தூரம். அங்கிருந்து இங்கே ஒரே இழையாக, இடையில் ஒட்டு இல்லாமல் ஒரு ஒயரை இழுத்துவிட்டால்? விஜயராணியின் கோலத்தைப் பார்த்தே இந்த எண்ணம் தமக்குத் தோன்றியதாக அவர் பிற்பாடு கூறிக்கொண்டார்.

கேபிள் லைன்மேன் ஆசீரைக் கூப்பிட்டார். ஆசீர் ஏணியோடு வந்து, இரு மாடிகளையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"போடலாம் சார். ஆனா குறுக்க போட்டா, சித்திரையில வந்து..."

"சித்திரையோ வைகாசியோ, ஆசீர், எனக்கு ஜாயிண்ட் இல்லாம வேணும். ஒரு ஜாயிண்டுக்கு எவ்வளவு டெசிபல் போகுது தெரியுமா?"

"அது சரி சார். நான் சொல்ல வந்தது..."

"டெசிபல்னா என்னன்னு முதல்ல சொல்றேன், கேளுங்க," என்று தொடங்கினார் நல்லதம்பி. ஆசீர் கேட்டார். கேட்டு முடித்தபோது, தாம் சொல்ல வந்தது என்ன என்பது அவருக்கே மறந்துவிட்டது. ஒயரை இழுத்துக் கட்டினார். பழைய ஒயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எதிர் வீட்டுக்காரர் சௌரிராஜன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆம்ப்ளிஃபையருக்குத் தம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்து, அதற்கு ஈடாகக் கேபிள் இணைப்பைச் சும்மா பெற்றுக்கொண்டிருந்தார். மின்வெட்டிலும் படம் நிற்காதிருக்க இன்வெர்ட்டர் வேறு வைத்திருந்தார். கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர். நல்லதம்பி ஏணியோடு அந்தப் பெட்டியில் தம் ஒயரை இறுக்கச் சென்ற மாலையில், ஆட்டத்தின் கடைசி ஓவர் நடந்துகொண்டிருந்தது. சௌரிராஜனின் திரை இருண்டது. படம் திரும்பியபோது வீரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நல்லதம்பி இன்னும் அரைத் திருகு இறுக்கச் சென்றார். அன்றும் ஆட்டம் இருந்தது. அதற்கு மறுநாள், இறுக்கியது போதுமா என்று பார்க்கச் சென்றார்.

"ஓய்!" என்று மாடிப்படியில் நின்று கத்தினார் சௌரிராஜன். "உம்ம டிவி நன்னாத் தெரியணும்னு என் டிவியை அணைச்சு அணைச்சு விளையாடறீரா? இனிமே இந்தப் படி ஏறினீர்னா ஏணியைப் புடுங்கிப்பேன், ஆமாம்!"

நல்லதம்பி கவலைப்படவில்லை. அவர் வீட்டில் மழை அடியோடு நின்றிருந்தது. பாத்திரக்கடைக்காரர் ஆண்தான் என்பதும், அவருக்கு மீசை உண்டென்பதும், கடையின் தொலைபேசி எண்ணும் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தன. விஜயராணி திரையைத் தொட்டுப் பார்த்தார். "கண்ணாடி மாதிரியேதாங்க இருக்கு," என்றார். திருமணமான நாளிலிருந்து கணவரின் மேம்பாடொன்றை அவர் பாராட்டியது அதுவே முதல்முறை.

தேருக்கு முந்தின நாள், நல்லதம்பியின் அக்கா வேலம்மாள் சமயபுரத்துக்கு அப்பாலுள்ள தம் ஊரிலிருந்து, ஒரு பறங்கிக்காயோடும் வாய் நிறையக் கேலியோடும் வந்து இறங்கினார்.

"டிவியில வருதாமே கோலம்! நாங்க வயல்ல நாத்து நடுறோம், எந்தக் கேமராவும் வரல. மாவைக் கையில எடுத்துக் கொட்டுறதுக்கு அரைமணி நேரமா?"

"பாருங்க அண்ணி, பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார் விஜயராணி. தமக்கையின் வாயை மூடக்கூடிய ஒரே பொருள் இந்த உலகில் அந்தச் சிடிதான் என்று நல்லதம்பி எண்ணிக்கொண்டார்.

தேரன்று காலையில் அவர் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, கம்ப்யூட்டரின் முன் அமர்ந்தார். தேர் கிழக்கு வீதியில் புறப்பட்டு, தெற்கையும் மேற்கையும் சுற்றி, கடைசியாகத்தான் வடக்குக்கு வரும். அதற்குள் பதிவைத் தொடங்கிவிட்டுத் தேரையும் பார்த்துவிடலாம் என்பது திட்டம். சேனலைத் தட்டினார். திரை முழுவதும் நீலம். 'சிக்னல் இல்லை' என்று நடுவில் ஒரு வரி மட்டும் மிதந்தது.

பின்னைக் கழற்றி மாட்டினார். கார்டைக் கழற்றி ஊதி மாட்டினார். பழைய டிவியைப் போட்டார். அதிலும் ஒன்றும் இல்லை.

"என்னடா தம்பி, இதையும் மேம்படுத்திட்டியா?" என்றார் வேலம்மாள்.

நல்லதம்பி பால்கனிக்கு ஓடினார். வீதி முழுவதும் ஊர் ஊராக வந்த கூட்டம் இருபுறமும் வரிசை கட்டி நின்றது. எதிர் மாடியில் ஆசீர் நின்றுகொண்டு, வீதிக்குக் குறுக்கே போன ஒயரை அவிழ்த்து, அழகாக வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். தேரின் உச்சி தட்டாமலிருக்க, வீதியைக் கடக்கும் ஒயர் ஒன்றுவிடாமல் தேரன்று காலையில் இறக்கப்படுவது ஸ்ரீரங்கத்தில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். நல்லதம்பிக்கும் தெரியும். ஆனால் இத்தனை ஆண்டுகளாக அவருடைய ஒயர் வீதியைக் கடந்ததே இல்லை. ஒட்டும் உடைசலுமாக வந்த அந்தப் பழைய ஒயர், எத்தனையோ தேர்களை அலுங்காமல் பார்த்தது.

"ஆசீர்!" என்று அலறினார்.

"இதத்தான் சார் அன்னிக்குச் சொல்ல வந்தேன்!" என்று அங்கிருந்து மகிழ்ச்சியோடு கை அசைத்தார் ஆசீர். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு!"

நல்லதம்பி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. "பக்கத்து வீட்டுல பழைய லைன் இருக்கு. அங்க தூக்கிட்டுப் போனா... படம் அந்தப் பழைய மழையாத்தான் இருக்கும். ஆனா ஏதோ ஒண்ணு கிடைக்கும்," என்றார் மெதுவாக.

விஜயராணி தலையசைத்து மறுத்தார். "வேணாம். மழையில புடிச்சா அது என் கோலமில்ல," என்றார். பிறகு இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டார். "எதிர் வீட்டுக்குப் போவோம். எல்லாத்தையும் தூக்குங்க."

"அந்தச் சாமி என்னைக் கண்டா ஏணியப் புடுங்குவாரு."

"நாம மாடிக்குப் போகல. கூடத்துக்குத்தான் போறோம்."

சிபியுவை நல்லதம்பி மார்போடு அணைத்துக்கொண்டார். வெயிலும் தூசியும் படாமலிருக்க விஜயராணி அதன்மீது தம் பழைய பட்டுத்துணியைப் போர்த்தினார். மானிட்டரோ, பின்புறம் புடைத்த, கனத்த பழைய வகை. வேலம்மாள் ஒரு துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, "தூக்கி வைடா! எரு சுமந்த தலைக்கு இது ஒரு சுமையா?" என்றார். மைக்கின் ஒயர் அவர் கழுத்தைச் சுற்றித் தொங்கியது. கீபோர்டையும் மௌஸையும் எடுத்துக்கொண்டு விஜயராணி முன்னால் நடந்தார்.

வீதியில் இறங்கியதும், வேலம்மாள் வயல் வரப்பில் கூப்பிடும் குரலில், "வழி விடுங்க! வழி விடுங்க!" என்றார். பட்டுப் போர்த்திய ஒன்றை ஒருவர் பயபக்தியோடு நெஞ்சில் ஏந்தி வருவதைக் கண்ட கூட்டம் சட்டென்று ஒதுங்கியது. பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஓர் அம்மாள் பட்டுத்துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள, அவரைப் பார்த்துப் பின்னால் நின்ற ஒரு வரிசையே தொட்டுக்கொண்டது. யாரோ இரண்டு வாழைப்பழங்களை அதன்மேல் வைத்தார்கள். "இது கம்ப்யூட்டருங்க," என்று நல்லதம்பி சொல்லிப் பார்த்தார். "எதுவா இருந்தா என்ன, சாமி விஷயம்தானே," என்று ஒருவர் அவர் தோளில் ஒரு மாலையையும் போட்டுவிட்டார்.

மாலையும் பழமுமாகத் தம் வாசலில் வந்து நின்றவரைச் சௌரிராஜன் ஏற இறங்கப் பார்த்தார். அவர் தேரை எதிர்பார்த்து, ஆரத்தித் தட்டோடும் ஒரு பெரிய பானை நீர்மோரோடும் வாசலில் நின்றிருந்தார்.

"ஓய் நல்லதம்பி! மாடி ஏறப்படாதுன்னு சொன்னேன். அதுக்காகக் குடியே வந்துட்டீரா?"

"சாமி, ஒயரைக் கழட்டிட்டாங்க. ஒன்பது மணிக்கு இவ கோலம். ஒரே தடவைதான் போடுவாங்க..." நல்லதம்பிக்கு மூச்சு வாங்கியது.

"என் கடைசி ஓவரும் ஒரே தடவைதான் போட்டான். அதுக்கு யார் ஓடி வந்தா?"

அப்போது மானிட்டருக்குக் கீழிருந்து வேலம்மாளின் குரல் வந்தது. "சாமி, சண்டையப் பொறவு போடுங்க. என் தலையில இருக்கறதை இறக்கி வச்சிட்டு நானும் உங்க கூடச் சேந்து இவனத் திட்டுறேன்."

சௌரிராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தேரன்னிக்கு வாசல்ல வந்து நிக்கறவாளைத் திருப்பி அனுப்பப்படாது. அதனால விடறேன். உள்ள வாங்கோ. ஆனா ஆளுக்கு ரெண்டு டம்ளர் மோர் குடிச்சுட்டுத்தான் எதையும் தொடணும்."

அவசர அவசரமாக மோரைக் குடித்தார்கள். சௌரிராஜன் தம் டிவியிலிருந்து தாமே ஒயரைப் பிடுங்கிக் கொடுத்தார். நல்லதம்பி, மைக் உட்பட மற்ற ஒயர்களையெல்லாம் வழக்கம்போல மாட்டிவிட்டு, அதைக் கார்டில் சொருகினார். திரையில் பளிச்சென்று பாத்திரக்கடைக்காரரின் மீசை தெரிந்தது. கையை எடுத்தார், மழை பெய்தது. சௌரிராஜன் வீட்டுப் பின் தேய்ந்து தளர்ந்திருந்தது. இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்தால் மட்டுமே படம் நின்றது.

"ஸ்பீக்கர் எங்கங்க?" என்றார் விஜயராணி.

"வீட்டுல இருக்கு. காதுக்குக் கேக்காது. உள்ள பதிஞ்சா போதும்." ஆனால் கார்டிலிருந்து ஒலியைக் கொண்டுபோகும் சாண் நீள ஒயரும் வீட்டிலேயே தங்கிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையாமல் கிடப்பதை மட்டும் கண்டார். ஒரு கையால் பின்னைப் பிடித்தபடி மறு கையால் எதை எதையோ தட்டினார். "சவுண்டு வருதா?" என்று பதற்றத்தில் கத்தினார். பச்சைக் கோடு துள்ளி எழுந்தது. "வருது, வருது!" என்று நிம்மதியடைந்தார். கோடு இன்னும் உயரத் துள்ளியது.

நிகழ்ச்சி தொடங்கியது. நல்லதம்பி பின்னைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் குந்தினார். திரை அவருக்குத் தெரியாது; நான்கு திசையிலும் கால்கள் மட்டுமே தெரிந்தன. வெளியே பேரிகையின் முழக்கமும், வடம் பிடிப்பவர்களின் "ரங்கா! ரங்கா!" என்ற ஒலியும் நெருங்கின. தேருக்காகத் தெருவில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். சௌரிராஜனின் இன்வெர்ட்டர் ஒருமுறை கனைத்துவிட்டுக் காப்பாற்றியது. அடுத்த கணம் சௌரிராஜனின் கால்கள் வாசலை நோக்கி ஓடின.

"நீயும் போ, விஜயா," என்றார் நல்லதம்பி மேசைக்கு அடியிலிருந்து.

"உங்களுக்குத் தேர் வேணாமா?"

"நான் விட்டா மழை பெஞ்சிடும். உன் கோலம் சிடியில இருக்கும். தேர் நமக்காக நிக்காது, போ."

விஜயராணியின் கால்கள் தயங்கின, பிறகு போயின. வேலம்மாளின் கால்கள் மட்டும் அசையவில்லை. "எனக்கு முட்டி வலிக்குது. போன வருசம் பாத்த தேருதானே," என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அதன்பின் வேலம்மாள் ஏதோ முணுமுணுத்தார். பேரிகையில் நல்லதம்பிக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீடே அதிர, வாசலுக்கு வெளியே தேர் மெதுவாக நகர்ந்துபோயிற்று. ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த பின் அவர் பார்க்கத் தவறிய முதல் தேர் அது. மேசைக்கால்களுக்கு இடையே, பெரிய வடத்தின் ஒரு முழ நீளத்தையும் ஏராளமான வெறுங்கால்களையும் அவர் தரிசித்தார்.

அன்று பிற்பகலில் ஆசீர் ஒயரை மீண்டும் கட்டினார். சௌரிராஜனும் கூடவே வர, எல்லாரும் நல்லதம்பியின் வீட்டில் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே யாரும் உட்காராதபடி விஜயராணி பார்த்துக்கொண்டார். சிடி சுழன்றது.

படம் கண்ணாடியாக இருந்தது. மாவின் ஒவ்வொரு துகளும் தெரிந்தது. விஜயராணியின் விரல்கள் முதற்புள்ளியை வைத்தன. அப்போது சௌரிராஜனின் குரல் கணீரென்று ஒலித்தது: "இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாமோ?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவே இல்லை.

புள்ளிகள் வரிசையாக விரிந்தன. "மோர்ல இஞ்சி தூக்கலா இருக்கு சாமி," என்றது கோலம். இழை தொடங்கியது. "யாரும் ஒயரை மிதிக்காதீங்க! டெசிபல் போயிடும்!" என்று எங்கோ ஆழத்திலிருந்து நல்லதம்பி கதறினார்.

நல்லதம்பி திரையருகே பாய்ந்தார். "மைக்!" என்றார். "மைக்குல பதிஞ்சிருக்கு! நிகழ்ச்சியோட சவுண்டே இல்ல!"

இழை வளைந்து வளைந்து ஓடியது. "ரங்கா! ரங்கா!" என்ற ஒலி எழுந்து நிறைந்தது. இன்வெர்ட்டர் கனைத்தது. கால்கள் ஓடின. பேரிகைக்கு நடுவே, மைக்கின் வாயருகே ஒரு குரல் மட்டும் மிகத் தெளிவாக, திரையில் இருக்கும் பெண்ணோடு நேருக்கு நேர் பேசியது:

"அடி ஆத்தி... எப்படிடி இழுக்குற? கை ஒரு எடத்துல நடுங்குதா பாரு. எங்க ஊருப் பக்கம் ஒருத்திக்கு வருமாடி இது? என் தம்பி கை வச்ச எதுவும் உருப்பட்டதில்ல. நீ ஒருத்திதான் தப்பிச்ச, தாயி."

திரையில் இழை தொடங்கிய புள்ளியிலேயே வந்து சேர்ந்தது. வெளியே தேரும் அதே கணத்தில் வீட்டைக் கடந்திருக்க வேண்டும். பேரிகை மெல்லத் தணிந்தது.

வேலம்மாள், தாம் கொண்டுவந்த பறங்கிக்காயை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பவர்போல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சௌரிராஜன் மேல்துண்டால் வாயை மூடிக் குலுங்கினார்.

"பரவாயில்ல, ஒண்ணும் கெட்டுப்போகல," என்று நல்லதம்பி முதலில் வாய் திறந்தார். "இந்தச் சத்தத்தை எல்லாம் அழிச்சிட்டு, அருமையா ஒரு வீணை மியூசிக் போட்டுடறேன். ஒரு மணி நேர வேலை. இன்னும் நல்லா..."

அவர் கை மௌஸை நோக்கிப் போயிற்று. விஜயராணி அதற்குமுன் மௌஸை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல மட்டும் கை வச்சீங்க..." என்றார். அவர் கண்கள் ஈரமாயிருந்தன, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. மௌஸை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் கணவரிடமே கேட்டார்: "பின்னாடி எப்படிங்க தள்றது? அண்ணி பேசறாங்களே, அந்த எடத்துக்கு."

"அதுக்கு என்னாத்துக்கு இப்ப?" என்றார் வேலம்மாள் பறங்கிக்காயிடம்.

"எனக்குக் கேக்கணும் அண்ணி."

நல்லதம்பி மனைவியின் கைமேல் கை வைத்து, அந்த இடத்துக்குத் தள்ளிக் கொடுத்தார். பிறகு, அவர் வாழ்நாளில் செய்திராத ஒன்றைச் செய்தார்: இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அப்போது வாசல் மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியிருந்தது.